ஒரு சாவுக்கு இரண்டு குரல்கள்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தில், ஆடி அமாவாசையன்று தந்தைக்கான கடனை முடித்துவிட்டு வந்த இரவு. உறக்கம் வரவில்லை. மருமகன் பல ஆண்டுகளுக்கு முன் தந்துவிட்டுப் போன இறுவட்டொன்று கையில் அகப்பட்டது. ‘ஒப்பெத்’ என்னும் சுவீடன் நாட்டு மெட்டல் இசைக்குழுவின் ‘டம்னேஷன்’.

இக்குழுவை நான் முன்னரே கேட்டு ஒதுக்கியவன். 2009 இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் அவர்கள் வாசித்தபோது, சென்னையில் படித்துக்கொண்டிருந்த மருமகனும் அக்கூட்டத்தில் நின்றான். “மாமா, ஒருக்காக் கேட்டுப் பாருங்க” என்று அவன் அனுப்பிய பாடல்களில் உறுமலைத் தவிர எதுவும் என் செவிக்கு எட்டவில்லை. வன்னியிலிருந்து வந்த செய்திகளோடு அல்லாடிக்கொண்டிருந்த எனக்கு அவ்வாண்டில் இன்னுமோர் இரைச்சல் தேவைப்படவில்லை.

2003 இல் வெளியான ‘டம்னேஷ’னில் உறுமல் அறவே இல்லை. எட்டுப் பாடல்கள், நிதானமான கிற்றார், மெலட்ரோன் எழுப்பும் மங்கலான நாதம், தாழ்ந்த குரல். இதன் உடன்பிறப்பு 2002 இல் வந்த ‘டெலிவரன்ஸ்’. அதுவோ முழக்கமும் உறுமலும். இரண்டும் ஒரே காலத்தில் ஒலிப்பதிவானவை. அந்நாட்களில்தான் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டின் பாட்டி கார் விபத்தில் இறந்துபோனார். இரு தொகுப்புகளும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டன.

ஒரு சாவுக்கு இரண்டு குரல்கள்! எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் இதை நான் கண்டிருக்கிறேன். பிரேதத்தின் முன் மார்பிலடித்து ஒப்பாரி வைத்த அதே பெண்கள், சடங்குகள் எல்லாம் முடிந்தபின், அடுப்படியில் தமக்குத் தாமே முனகிக்கொண்டிருப்பார்கள். முன்னது ஊருக்கு, பின்னது தமக்கு.

நான் என்ன செய்தேன்? 2004 மே 31 இல் மட்டக்களப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரல் 28 இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடந்தார் எங்கள் மண்ணின் ‘தராகி’ சிவராம். இடையில், 2004 டிசம்பர் 26 இல், கல்லடியையும் நாவலடியையும் கடல் வாரிக்கொண்டு போனது. அத்தனையையும் செய்தியாகவே எழுதினேன்: எண்ணிக்கை, இடம், நேரம். பின்னர் நினைவுக் கூட்டங்களில் உரத்துப் பேசினேன். மெதுவாக எதையேனும் சொன்னதாக நினைவில்லை.

உரத்த குரல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நீதி கேட்பதற்கு அது வேண்டும். ஆனால் மேடைக் குரல் மட்டுமே துயரத்தின் குரல் என்றாகிவிட்டால், இறந்தவர்கள் நமக்குப் பெயர்ப்பட்டியலாகவே மிஞ்சுவார்கள். அவர்களது சிரிப்பும் கோபமும் தேநீர்க் கடைப் பேச்சும் நம்மோடு மறைந்துவிடும்.

விடியுமுன் ‘டெலிவரன்’ஸையும் தேடிக் கேட்டேன். இம்முறை அந்த உறுமல் இரைச்சலாக ஒலிக்கவில்லை. மருமகனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் எழுதியிருக்கிறேன். நடேசனைப் பற்றியும் ஒன்று எழுதவேண்டும், செய்தியாக அல்ல.