பங்கின் பெயரால் பதினைவர்



அயர்லாந்து நாட்டின் தொன்மையான ஆட்டம் ஹர்லிங். அணிக்கு 15 பேராய் நின்று, ஆஷ் மரத்தில் செதுக்கிய வளைகோலால் சிறு தோல்பந்தை அடித்து ஆடுவர். 1884 நவம்பர் முதல் நாள், தர்லஸ் நகரில் மைக்கேல் குசாக் முதலியோர் கேலிக் விளையாட்டுக் கழகத்தை நிறுவினர். காஷல் பேராயர் குரோக் அதன் புரவலரானார். டப்ளின் மாநகரிலுள்ள அதன் பெரிய மைதானம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அக்கழகத்தின் அடித்தளம் பங்கே. பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஓர் அணி. பிறந்த பங்குக்கே ஆடுவது மரபு. கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் பலவற்றில் முதுநிலை, இடைநிலை, இளநிலை எனப் போட்டிகள் உண்டு. இங்கு இளநிலை என்பது வயதைக் குறிப்பதன்று; அணியின் தரத்தைக் குறிப்பது. 40 வயதுத் தந்தையும் அதில் ஆடலாம். கார்க் மாவட்டத்தில், வட்டாரப் போட்டிகளைக் கடந்த அணிகளே இளநிலைப் பட்டத்துக்கு மோதுகின்றன. வென்றவர்க்கு ஊதியமில்லை, அடுத்த ஆண்டு மேற்படியில் வலிய அணிகளை எதிர்க்கும் உரிமையே பரிசு!

இன்றோ, நாட்டுப்புற இளைஞர் நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்துவிட, 15 பேரைத் திரட்ட இயலாது தவிக்கும் பங்குகள் உள. அவற்றுள் சில, தலைமுறைகளாய்த் தம்மோடு மோதிய அண்டைப் பங்குடன் இணைந்து, ஒரே சட்டை அணிந்து களமிறங்குகின்றன. ஊர்ப் பெயரைப் பகிர்ந்துகொள்வது எளிதன்று. ஆயினும், ஆட்டமே அற்றுப்போவதினும் நேற்றைய எதிரணியோடு தோள் சேர்வது மேலன்றோ? சிந்திப்போமாக.