தாங்குகிற வண்டி என்றொரு பொய்

லோடு வண்டி வாங்கப் போகிறவர் காரைக்குடியில் யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் கிடைப்பது ஒரே பதில்தான். "இந்த வண்டியை எடுங்கண்ணே, எவ்வளவு ஏத்தினாலும் தாங்கும்." ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டுநரும் இதைத்தான் சொல்கிறார், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். விலை, மைலேஜ், மாதம் கட்டும் டியூ எல்லாம் அதற்குப் பிறகுதான். சீட் எப்படி, கேபினில் சூடு எவ்வளவு, ஓட்டுகிறவன் முதுகு என்னவாகும் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் காருக்குப் பார்க்கணும், லோடு வண்டிக்கு எதுக்கு?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இதைத் தவறான யோசனை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ஆளைக் கொல்கிற யோசனை இது. கடன்பட்டு வண்டி எடுத்தவனைக் கடைசிவரை கடனிலேயே வைத்திருக்கிற யோசனை. சொகுசு, உழைப்பு, கொடுத்த காசுக்கான மதிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். மூன்றும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: எழுதியிருக்கும் அளவைத் தாண்டி ஏற்றும் இடத்தில்.

ஆத்தங்குடியில் ஒரு லோடு ஏறுவதைக் கிட்ட நின்று பார்த்தால் விஷயம் புரியும். கண்ணாடி மேல் சாயமும் சிமென்டும் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து எடுத்த தரைக்கல். பூ வேலைப்பாடு உள்ள முகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடியிலும் ஓரத்திலும் வைக்கோல் திணித்து அடுக்குகிறார்கள். முக்கால் அங்குலக் கனமுள்ள கல் சதுர அடிக்கு நாலு கிலோ வாக்கில் வரும். 300 சதுர அடி என்றால் 1,200 கிலோ. ஒன்றேகால் டன் தூக்கும் ஒரு வண்டிக்கு அதுவே நிறை லோடு. வாங்கியவர் வீட்டுக் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் சேர்த்து 600 சதுர அடி வேண்டும். அதுவும் ஒரே நடையில் வந்து சேர வேண்டும். ஏற்றுகிறார்கள். வளைந்திருந்த பட்டை நிமிர்ந்து நேராகிறது, டயரின் பக்கச்சுவர் பிதுங்குகிறது, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் இரண்டு விரல் இடம்கூட மிஞ்சுவதில்லை. "போகும்ணே" என்று ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைத் தட்டுகிறார். அதுதான் அங்கே எடைமேடை.

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு இன்னும் சுலபம். இப்போது பரவலாக வருவது 26 கிலோ சிப்பம். ஒன்றேகால் டன்னுக்கு 48 சிப்பம். ஆனால் அந்த ஒன்றேகால் டன்னுக்குள்தான் ஓட்டுநரும் லோடுமேனும் அடக்கம். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தால் 42 சிப்பத்தோடு கதவைச் சாத்த வேண்டும். ஏறுவதோ எழுபது, எண்பது.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ரகசியமில்லை. ஆர்.சி.யில் வெற்று வண்டியின் எடை ஒரு வரியிலும், லோடோடு சேர்ந்த மொத்த எடை இன்னொரு வரியிலும் இருக்கின்றன. கழித்தால் விடை கிடைக்கும். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதைக் குட்டி யானை என்று கொண்டாடியது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். முக்கால் டன் அளவுக்கு என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டி. சந்துக்குள் நுழைந்து சின்ன லோடை இறக்கப் பிறந்த அந்த வண்டியில், செங்கலையும் எம்சாண்டையும் குவித்து ஏற்றினோம். 2011-இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து தோஸ்த்தைக் கொண்டுவந்தன. ஒன்றேகால் டன் வாக்கில் தூக்கும். பொலிரோ பிக்கப்பில் 1.3 டன்னும் உண்டு, 1.7 டன்னும் உண்டு. ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அளவு கடையில் இருக்கிறது. நாமோ ஓர் அளவு சின்னதை வாங்கி, ஓர் அளவு பெரியதின் லோடை ஏற்றுகிறோம்.

அதற்கு வழி செய்து கொடுப்பதுதான் பட்டை போடும் பழக்கம். புது வண்டி ஷோரூமிலிருந்து நேராகப் பட்டைக் கடைக்குப் போகிறது. பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் வண்டி உட்காராது. உட்காராததைப் பார்த்ததும் தாங்குகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கூடியது பட்டை மட்டும்தான். அச்சு பழைய அச்சு, ஹவுசிங் பழைய ஹவுசிங், வீல் பேரிங், பிரேக் டிரம், சேஸிஸ் எல்லாம் அதே அளவுதான். டயரின் பக்கச்சுவரில் சுமை எண் அச்சடித்திருக்கிறது. 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 800 கிலோவுக்கு மேல் தாங்காது என்று பொருள். எத்தனை பட்டை சேர்த்தாலும் அந்த எண் மாறாது.

பேரிங் விஷயத்தில் கணக்கு இன்னும் கொடுமையானது. 1947-இல் லுண்ட்பெரி, பால்ம்கிரென் என்ற இரண்டு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்ன விதி இன்றும் உலகமெங்கும் பேரிங் செய்கிறவர்கள் பின்பற்றுவது. சுமை இரட்டிப்பானால் ஆயுள் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். குண்டு பேரிங்கில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. உருளை பேரிங்கில் அதைவிட மோசம். சுமை ஒன்றரை மடங்கானால்கூட ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். வருடத்துக்கு இரண்டு தடவை பேரிங் மாற்றுகிறவர் கம்பெனியைத் திட்டுகிறார். அவர் வண்டிக்குக் கொடுத்த சுமைக்கு பேரிங் சரியாகவே உழைத்திருக்கிறது.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது என் கோபம் கூடுகிறது, ஏனென்றால் அங்கே போவது உயிர். மொத்த எடை இரண்டரை டன் என்று எழுதிய வண்டியில் இன்னும் ஒன்றேகால் டன் சேர்த்தால், அதே 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க டிரம்மும் லைனரும் ஒன்றரை மடங்கு சூட்டை வாங்க வேண்டும். தேவகோட்டைச் சாலையில் எதிரே ஓர் ஆடு குறுக்கே வரும்போது, பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் சைக்கிளில் ஒரு பிள்ளை திரும்பும்போது, அந்த ஒன்றரை மடங்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

திரும்பி வரும்போதும் ஆபத்து குறையவில்லை. லோடு வண்டியின் ஓட்டத்தில் ஒரு நல்ல பங்கு காலி ஓட்டம். கல்லை இறக்கிவிட்டு வரும் வண்டியில் கூடுதல் பட்டைக்கு அசைய வேலையே இல்லை; ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளுகிறது. துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு கிடையாது, பிரேக் அடித்தால் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. லோடு இருக்கும்போது நிற்காத வண்டி, லோடு இல்லாதபோது நேராக நிற்காத வண்டியாகிறது. பாதி லோடு ஏற்றும் நாளில் நொறுங்கும் பொருளுக்கும் இதே கதிதான். மானாமதுரைப் பானையையும் ஆத்தங்குடிக் கல்லையும் இரும்புப் பலகை போல விறைத்த பட்டையின் மேல் கொண்டுபோனால் என்ன ஆகும்? உடைந்ததற்கு வைக்கோல் வைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தத் துள்ளலின் மேல்தான் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். தொண்டியிலிருந்து விடியுமுன் மீன் கொண்டுவருகிறவர், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர், எல்லோருக்கும் நாற்பது வயதுக்குள் இடுப்பு வலி வந்துவிடுகிறது. அதைத் தொழிலின் பகுதி என்று அவர்களும் நம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே வேலை செய்கிறவர் உடல் வாங்கும் அதிர்வுக்குச் சட்டம் போட்டது. எட்டு மணி நேர வேலைநாளின் கணக்கில் அதிர்வு 0.5 மீட்டர்/வினாடி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்; 1.15-ஐத் தாண்ட விடவே கூடாது. முதுகெலும்பு ஐரோப்பாவில் ஒன்றும் சிவகங்கை மாவட்டத்தில் ஒன்றுமாகப் படைக்கப்படவில்லை.

சூட்டுக்கும் அப்படித்தான். குட்டி யானையில் இன்ஜினே சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கேபினில் உட்கார்ந்து பார்த்தவர், சொகுசு என்ற சொல்லைக் கேலியாகச் சொல்ல மாட்டார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். பிக்கப் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குக் கீழே, வெயிலிலேயே விடப்பட்டிருக்கிறார்கள். சட்டம் தராததை வாங்குகிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும். தூக்கம் சொக்கும் ஓட்டுநரும் இடுப்பு விட்டுப்போன ஓட்டுநரும் வண்டியின் குறைபாடுகளில் சேர்த்தி.

"கட்டுப்படியாகாதுண்ணே" என்பார்கள். "நான் ஏத்தலைன்னா பக்கத்து வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான்." இதை லேசாக ஒதுக்க மாட்டேன். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டியவரின் பேச்சு இது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆத்தங்குடிக்கும் காரைக்குடிக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குள்தான். போய் வர நாலு லிட்டர் டீசல் ஆகாது. இரண்டாம் நடைக்கு அதுவும் இரண்டு மணி நேரமும்தான் செலவு. அதை மிச்சம் பிடிக்கப் போய் டயர், பேரிங், கிளட்ச் பிளேட், லைனர், உடைந்த மெயின் பட்டை என்று எவ்வளவு போகிறது? வட்டிக் கணக்கைப் பர்மா வரை கொண்டுபோய்ப் பைசா பிசகாமல் பேரேட்டில் ஏற்றிய ஊர் இது. இங்கே லோடு வண்டிக்காரர்களில் எத்தனை பேர் வாடகை வரவுக்கு எதிரே ரிப்பேர் செலவை எழுதி வைக்கிறார்கள்?

பிடிபட்டால் அபராதம் தனி. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்கிறது. மிகுதியை இறக்கும் கூலியும் நம் தலையில். அந்தப் பிரிவில் பலர் படிக்காத ஒரு பகுதி உண்டு. ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. அப்படி ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அதற்குள் வருகிறார்கள். அதாவது, "எல்லாத்தையும் ஒரே நடையில அனுப்பு" என்று போனில் சொல்கிற நாம்.

சாலையும் நம்முடையதுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி ஓட்டிச் சோதித்துக் கண்டது: அச்சின் சுமை ஒன்றரை மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கிராமத்துச் சாலைகளின் மெல்லிய தார் எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே வண்டி வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள். ஷோரூமுக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் லோடை ஒரு தடவை உண்மையாக எடை போடுங்கள். அந்த எடை வண்டி தாங்கும் அளவின் முக்கால் பங்கில் முடிகிற வண்டியை எடுங்கள். அதற்கு ஓர் அளவு பெரிய வண்டி வேண்டுமென்றால் அதையே எடுங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்ற சலுகைக்காகச் சின்னதை வாங்கி அதை வதைக்காதீர்கள். சோதனை ஓட்டத்தைக் காலி வண்டியில் முடிக்காமல் லோடு ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டப்போகிறவரைக் கூட அழைத்துப் போய் சீட்டில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். உதிரி பாகம் காரைக்குடியிலேயே கிடைக்குமா, மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமா என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கினால் குனிந்து பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வண்டி பட்ட பாடு அதிலேயே தெரியும்.

வண்டிக்காரர் மட்டும் திருந்தினால் போதாது. ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்களும் புதுவயல் ஆலைக்காரர்களும் பழைய வீட்டு மரமும் தூணும் விற்கிற கடைக்காரர்களும் பில்லில் சதுர அடியோடும் சிப்பத்தோடும் கிலோவையும் எழுதுங்கள். இரண்டு நடைக்கான லோடு என்றால் இரண்டு நடை வாடகையைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். வாங்குகிற நாம் அதைக் கொடுப்போம்.