வாளா, மந்திரமா, இரண்டுமா?

மேஜையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நம் விடுதிகளிலும் வேர் விட்டிருக்கிறது. ஆட்டம் வளர்ந்தால் அதைப் பற்றிய வழக்கும் வளர்வது இயல்புதானே! வாளும் மந்திரமும் ஒருங்கே கற்ற வீரனை எப்படி வளர்ப்பது என்பதே இப்போது நம்மிடையே நடக்கும் வழக்கு. தொடக்கத்திலேயே இரண்டும் அமைந்த கலப்பு வகுப்பை எடுத்து, அதன் மேல் ஒரு சிறப்பு வகுப்பையும் அடுக்கினால் ஆற்றல் இரட்டிப்பாகும் என்கிறார்கள் நண்பர்கள் சிலர். அடுக்குவதெல்லாம் கூட்டல் ஆகிவிடாது என்பது என் கருத்து.

இரண்டு கலைக்கும் ஆசைப்படுவது புதிதன்று. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே எல்ஃப் இனத்தார் வீரராகவும் மந்திரவாதியாகவும் விளங்க இடம் இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு சிறப்பு வகுப்புகளைக் கொண்டுவந்தது. இளங்கலை முடித்தவனே முதுகலையில் சேர முடிவதைப் போல, குறித்த தகுதிகளைப் பெற்றவனே அவற்றில் நுழையலாம். 2003-இன் திருத்திய பதிப்பில், அதாவது மூன்றரைப் பதிப்பில், எல்ட்ரிச் நைட் என்னும் சிறப்பு வகுப்பு இடம் பெற்றது. போர்க் கருவிகள் அனைத்திலும் பயிற்சியும், மூன்றாம் நிலை மந்திரமும் அதற்கு வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வீரனாக 1 படி, மந்திரவாதியாக 5 படி ஏறியவன் ஏழாம் படியில் எல்ட்ரிச் நைட் ஆகிறான். அப்போது அவனுடைய தாக்கு எண் 4. வீரத்தை மட்டும் பயின்றவனுக்கோ 7. மந்திரத்திலும் அவன் ஐந்தாம் படியிலேயே நிற்கிறான். தோழனான மந்திரவாதி நான்காம் நிலை மந்திரத்தைத் தொட்டுவிட்டான். பதினாறாம் படியில்தான் பயிர் விளைகிறது: தாக்கு எண் 13, மந்திர வலிமை 14. இரண்டு கலைக்கும் இது நல்ல விளைச்சலே. ஆனால் அறுவடை வரை காத்திருப்பவர் எத்தனை பேர்?

2006-இல் வந்த டஸ்க்பிளேட் வேறு வகை. அவன் முதற்படியிலிருந்தே இரண்டும் கற்றவன். மூன்றாம் படியிலேயே மந்திரத்தை வாளில் ஏற்றி ஒரே வீச்சில் பாய்ச்சுகிறான். எல்ட்ரிச் நைட்டுக்கு இந்தக் கலை கிடையாது. சரி, டஸ்க்பிளேடையே எல்ட்ரிச் நைட் ஆக்கினால் என்ன என்று கேட்பார்கள். ஒன்பதாம் படியில்தான் அவனுக்கு மூன்றாம் நிலை மந்திரம் வருகிறது. அங்கிருந்து மாறினால் ஒரு படி மந்திர வளர்ச்சி போகிறது. உயிர்ப்பகடை எட்டு முகத்திலிருந்து ஆறு முகமாகச் சுருங்குகிறது. பதின்மூன்றாம் படியில் எல்லா வீச்சுகளிலும் மந்திரம் ஏற்றும் பேறும் கைநழுவுகிறது. தாக்கு எண்ணோ முன்பே முழுமையாக வளர்ந்துகொண்டிருந்தது! ஒரே ஒரு போர்த்திறனுக்காக இத்தனையையும் விற்பதா?

ஆகவே சிறப்பு வகுப்பு இல்லாததைத் தர வேண்டும். இருப்பதையே மறுபடி தரக் கூடாது. அதே 2006-இல் வந்த அப்ஜுரண்ட் சாம்பியன் இதற்கு நல்ல சான்று. ஐந்தே படிகள், வாளும் மந்திரமும் ஒரு படிகூடக் குறையாமல் வளர்கின்றன, அதற்கு மேல் காப்பு மந்திரங்கள் வலுப்பெறுகின்றன. இங்கே தேர்ச்சிக்கு ஒரு திசை இருக்கிறது.

“பொழுதுபோக்குக்கு இவ்வளவு கணக்கா?” என்று சிலர் நகைக்கலாம். நான் கண்ட வரையில் நம் ஆட்டங்கள் பருவத் தொடக்கத்தில் பிறந்து, தேர்வு அட்டவணை ஒட்டப்பட்டதும் மடிகின்றன. எட்டாம் படியைக் காண்பவை மிகச் சில. ஏழாம் படியில் பூக்கும் வீரனை வளர்ப்பவன் பருவம் முழுதும் மற்றவர் போரிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நான்காம் வாரத்தில் அவன் வருவதில்லை. ஐந்தாம் வாரத்தில் மேஜையே கலைகிறது. ஊரை விட்டு வந்து நாம் தேடிக்கொண்ட கூட்டாளிகளை ஒரு தவறான வகுப்புத் தேர்வுக்குப் பலி கொடுக்கலாமா?

2014-இன் ஐந்தாம் பதிப்பில் எல்ட்ரிச் நைட் தனிச் சிறப்பு வகுப்பாக இல்லை. வீரனின் மூன்றாம் படியிலேயே தேர்ந்தெடுக்கும் கிளை ஆகிவிட்டான். காத்திருப்பின் சுமையை ஆட்டத்தை ஆக்கியவர்களே குறைத்துவிட்டார்கள்.

ஆட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையாவது படியில் தொடங்கி எங்கே முடிப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறுகிய ஆட்டமென்றால் டஸ்க்பிளேடை எடுத்து, அதிலேயே நிலைத்து நில்லுங்கள் என்பேன். பத்தாம் படியில் தொடங்கும் நெடிய ஆட்டமென்றால் எல்ட்ரிச் நைட்டைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வருபவரிடம் மட்டும், பகடையைக் கொடுக்கும் முன் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள்.