‘மாத்திப் பாப்போம் சார்’



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் மூன்று நாள் ஆறப்போட்ட கோபம். பொறுமை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு நகரலாம், வருத்தமில்லை.

போன வியாழக்கிழமை கயத்தாறு தாண்டி நாற்கரச் சாலையில் என் கார் நின்றுபோனதை மகள் குழுவில் போட்டிருந்தாள். பதில்களை எல்லாம் படித்தேன். "அந்த டப்பாவை இன்னுமா வச்சிருக்கீங்க சார்?" "இ20 பெட்ரோல்தான் மாமா, வேற ஒண்ணுமில்ல." "எடைக்குப் போட்டுட்டு ஒரு நல்ல வண்டி எடுங்க சித்தப்பா." நாற்பத்தொரு பேர் எழுதியிருந்தீர்கள். அதில் பன்னிரண்டு பேர் இன்ஜினியர்கள். ஒருவர்கூட "எப்படி நின்றது?" என்று கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வண்டி 1996 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். கோவில்பட்டி டவுனுக்குள் ஓட்டினால் ஒரு குறையும் கிடையாது. டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தாலும் குறை கிடையாது. பாதிக்குக் கீழே இறங்கி, உச்சி வெயிலில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் போனால் முதலில் இழுவை குறையும். பிறகு குலுங்கும். பிறகு நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஐந்து மாதத்தில் இது நான்காவது தடவை. தேதி, மணி, டாங்கில் இருந்த அளவு எல்லாம் என் டைரியில் இருக்கிறது. வாத்தியார் புத்தி, போகாது.

நான்காவது தடவைதான் வியாழக்கிழமை. என் மனைவிக்கு (உங்களில் பாதிப்பேர் அவள் கையால் முறுக்கு தின்றவர்கள்) சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போடுகிறார்கள். அன்று பதினொரு மணிக்குத் திருநெல்வேலியில் இருக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் நடுவில் இருக்கும் அரளிச்செடியைத் தவிர நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. பைபாஸில் கை காட்டினால் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. கடைசியில் வாழைத்தார் ஏற்றிப்போன லோடு ஆட்டோக்காரர் ஒருவர் அவளை முன்னாலும் என்னைப் பின்னால் தாரோடு தாராகவும் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். போய்ச்சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஊசி போடும் டாக்டர் கிளம்பிவிட்டார். அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து. இன்று ஐந்தாம் நாள். காலண்டரில் தேதியைப் படிக்க இரண்டு நாளாக என்னைக் கூப்பிடுகிறாள்.

இப்போது கோபத்தின் காரணத்துக்கு வருகிறேன். முதல் மூன்று தடவையும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. முதல் தடவை, "பம்ப் வீக்கா இருக்கு சார், மாத்திப் பாப்போம்." புது பம்ப், ரூ.1,650. இரண்டாம் தடவை, "கார்புரேட்டர்ல கசடு, கிட் மாத்திப் பாப்போம்." கூலியோடு ரூ.3,200. மூன்றாம் தடவை டாங்கை இறக்கிக் கழுவி, காயில் மாற்றி, பிளக் மூன்றையும் மாற்றி ரூ.4,900. ஆக ரூ.9,750. "பம்ப் வீக்னு எதை வச்சுப்பா சொன்னே?" என்று கேட்டேன். "அனுபவம் சார்" என்று பதில் வந்தது.

அந்த ஒர்க்‌ஷாப் நடத்துபவன் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் என்னிடம் இயற்பியல் படித்தவன். பெயர் சொல்லமாட்டேன். ஏமாற்றுக்காரனும் இல்லை; கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தவன். இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, கோபப்படாமல் படி.

பெட்ரோல் போகும் பாதை ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. பின்னால் டாங்க். அங்கிருந்து வண்டிக்கு அடியில் முன்பக்கம் வரை ஓர் இரும்புக் குழாய். அது முடியும் இடத்தில் ஒரு சாண் ரப்பர் குழாய், பிறகு ஃபில்டர், இன்னொரு ரப்பர் குழாய், பிறகு பம்ப். பழைய ஆட்கள் இதை ஏ.சி. பம்ப் என்பார்கள்; குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேம் தண்டு சுற்றும்போது உள்ளே இருக்கும் ஒரு சவ்வு மேலும் கீழும் போய் டாங்கிலிருந்து உறிஞ்சி கார்புரேட்டரின் மிதவைத் தொட்டிக்குத் தள்ளும். அவ்வளவுதான் விஷயம். இத்தனை நீளப் பாதையில் எங்கே தடை என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வண்டி நின்ற அந்த நிமிடத்தில் இல்லாமல்போனது பெட்ரோலா, பொறியா?

அதற்குக் கருவி வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தால் ஊசி முனைபோல் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. காயிலையும் பிளக்கையும் பார். பீய்ச்சாவிட்டால் கரண்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வியாழக்கிழமை அந்த வெயிலில் நான் செய்தது இதைத்தான். ஒரு சொட்டு வரவில்லை. காயிலுக்கும் பிளக்குக்கும் கொடுத்த பணம் வீண் என்பது ரோட்டோரத்திலேயே தெரிந்துபோனது. அடுத்து டாங்க் மூடியைத் திறந்து காது கொடுத்தேன். மூடியில் காற்று நுழையும் வழி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். சத்தம் இல்லை. பம்பின் மேல் ஈரத்துணி போட்டேன். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதுண்டு. மலைப்பாதையில் அம்பாசிடர் டிரைவர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் குளிர்ந்த பிறகும் கிளம்பவில்லை. அதற்குள் லோடு ஆட்டோ வந்துவிட்டது. மாலையில் வந்து சாவி போட்டதும் சாதுவாய்க் கிளம்பி வீட்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், டாங்கில் கால்வாசி பெட்ரோல். கடையில் பைக்குக்குப் போடுகிற, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற பெட்ரோல் டியூப் இரண்டு அடி வாங்கினேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த ரப்பரை எடுத்துவிட்டு அதை மாட்டி, பக்கத்து வீட்டுப் பையனை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் சூடேறியதும் டியூபுக்குள் கோலி சோடாவைப்போல் குமிழ் குமிழாய்க் காற்று. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, டியூபின் முனையை ஃபில்டரிலிருந்து பிடுங்கி ஒரு பெட்ரோல் பாட்டிலுக்குள் விட்டேன். குமிழ் இல்லை, எஞ்சின் நூல் பிடித்ததுபோல் ஓடியது. ஆக பம்ப் யோக்கியன், கார்புரேட்டரும் யோக்கியன். (இதைச் செய்பவர்கள் பீடி சிகரெட்டைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இருந்தது.) பிறகு இரும்புக் குழாய்க்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றி அந்த இடத்தில் டியூபை மாட்டினேன். குமிழ் நின்றுவிட்டது.

கழற்றிய குழாயை வளைத்துப் பார்த்தேன். கிளிப் கடித்த இடத்துக்குப் பக்கத்தில், அடிப்பக்கம், நகக்கண் அளவு வெடிப்பு. புதுக்குழாயும் இரண்டு கிளிப்பும் ரூ.140. சனிக்கிழமை உச்சிவெயிலில், கால் டாங்க் பெட்ரோலோடு, கயத்தாறு வரை எழுபதில் போய்த் திரும்பினேன். நிற்கவில்லை.

"வெடிச்சிருந்தா ஒழுகியிருக்குமே சார்" என்பாய் தம்பி. ஒழுகாது. அதுதான் இதில் இருக்கிற ரசம். இந்த வண்டியில் டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதை முழுவதும் உறிஞ்சும் பாதை. உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. ஆகவே பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார், புரியும். டாங்கில் பெட்ரோல் குறைந்தால் இன்னும் கீழேயிருந்து உறிஞ்ச வேண்டும், காற்று இன்னும் எளிதாக நுழையும். வெயிலில் ரப்பர் இளகினால் வெடிப்பு வாய் திறக்கும். என் டைரியில் இருந்த ‘பாதிக்குக் கீழே’, ‘உச்சி வெயில்’ என்ற இரண்டு குறிப்பும் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தன. இப்போது வருகிற வண்டிகளில் பம்ப் டாங்குக்குள்ளேயே உட்கார்ந்து பலத்த அழுத்தத்தில் தள்ளுகிறது. அதில் வெடித்தால் வெளியே ஒழுகும். அந்த வண்டியைப் பார்த்த கண்ணோடு இந்த வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதே குழாயைக் கழற்றி அதே குழாயை மாட்டியும் இருக்கிறார்கள்.

இ20 என்று எழுதிய மருமகனுக்கு. நீ சொன்னதில் உண்மை உண்டு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு வேறு பெட்ரோல் கிடைக்க வழியில்லாமல் செய்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கும் உண்டு, அதைத் தனியாக எழுதுவேன். ஆனால் மைலேஜ் குறைவதும் நடுரோட்டில் நிற்பதும் ஒன்றா? அந்தக் குழாய் வெடித்ததில் எத்தனாலுக்குப் பங்கு இருக்கலாம், இருபத்தொன்பது வருட வெயிலுக்கும் பங்கு இருக்கலாம். எதுவானாலும் நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘இ20’ என்று எழுதியதால் எந்தக் குழாயைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் ‘பம்ப்’ என்றான், நீ ‘இ20’ என்றாய். இரண்டு பேரும் பானட்டைத் திறக்கும் முன்பே விடையை எழுதிவிட்டீர்கள்.

இதை எழுதும்போதுதான் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தனி ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? g-இன் மதிப்பு 9.8 என்று முதலிலேயே எழுதிவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவீர்கள். நூலைக் கட்டாமலே ரெக்கார்டு முடித்தவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? எல்லா பெஞ்சிலும் 9.8 வந்தால் அது நடக்காத காரியம் என்று முப்பத்துநான்கு வருடமும் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மார்க் குறைத்துவிடுவாரே, பிள்ளைகளுக்குக் கட்ஆஃப் போய்விடுமே என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பையன் ஒருநாள் 9.3 என்று எழுதிக்கொண்டு வந்தான். "போய்த் திருத்திட்டு வாடா" என்று அனுப்பினேன். அவன் நிஜமாகவே அலைவை எண்ணியிருந்தான். நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் விட்டிருந்தான், அவ்வளவுதான். எங்கே தவறு என்று அவனோடு உட்கார்ந்து தேட எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பையன்தான் இன்று ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, சொல்லாவிட்டால் பாவம். பாகத்தை மாற்றினால் பில் போடலாம், மார்ஜின் உண்டு. ஒன்றரை மணி நேரம் டியூபை மாட்டிக் குமிழ் பார்த்துவிட்டு "பார்த்ததுக்கு ஐந்நூறு சார்" என்றால் நாம் என்ன சொல்வோம்? "எதையுமே மாத்தலையே, எதுக்குப்பா ஐந்நூறு?" நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மோட்டாரைத் தட்டிப் பார்த்து ஒரு ஒயரை முறுக்கிவிட்டுப் போன எலக்ட்ரீஷியனிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசியவன்தான் நான். ரூ.9,750 கொடுக்கக் கை நீண்டது, ரூ.500 என்றால் சுருங்கியிருக்கும்.

தம்பி, பழைய பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. உன் கடைப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. பழைய குழாயைத் திரும்ப மாட்டி வைக்கிறேன், டியூபும் பாட்டிலும் மணல் வாளியும் தயாராக இருக்கும். உன் ஐந்நூறை மேசைமேல் வைத்திருக்கிறேன். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாததால் முறுக்கு கிடையாது, கடலைமிட்டாய்தான்.