சுகமாகி வருபவருக்கு நம் கடைகளில் இடமில்லையா?

கண்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் எட்டு வருடங்கள் கணக்கெழுதினார். பைப்போலர் எனப்படும் இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சை பெற்று, நான்கு மாதங்களின் பின் வேலைக்குத் திரும்பினார். இரண்டு பில்களை மாற்றி எழுதியதும், "இன்னும் சுகமில்லை போல" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

நோய் அடங்கித்தான் இருந்தது. அளவுமீறிய எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது இந்நோயின் இயல்பு. அவை தணிந்த பின்னரும் சிலருக்குக் கவனம், ஞாபகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் குறை எஞ்சும். எல்லோருக்கும் அப்படியில்லை. மனநிலை முதலில் தேறுகிறது. வேலைத்திறன் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியைத்தான் நாம் "பைத்தியம்" என்றும் "சோம்பல்" என்றும் சொல்லிவிடுகிறோம்.

சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்க்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால், தன் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவர் என்பதே அதன் வரைவிலக்கணம். மருந்து எடுத்து நன்றாக நடமாடும் ஒருவர் அதற்குள் வருவாரா என்பதே கேள்வி. அரச துறையில் 3 வீத ஒதுக்கீட்டுக்கு 1988இல் சுற்றறிக்கை வந்தது. அது நம் கடைகளைக் கட்டுப்படுத்தாது.

அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நம்மவருக்கு வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். ஆகவே தீர்வும் நம் கையில் இருக்கிறது. முதல் சில வாரங்கள் அரை நாள் வேலை கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலையை, வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம். பேராதனை கிளினிக்குக்குப் போகும் நாளில் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்கலாம்.

நோன்பு காலத்தில் இன்னும் கவனம் தேவை. பெருநாள் வியாபாரத்துக்காக நள்ளிரவு தாண்டிக் கடையில் நிற்பது தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் எழுச்சி நிலை திரும்பக்கூடும். லித்தியம் எடுப்பவர் நீரின்றி இருந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடி ஆபத்தாகலாம். நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. உடனடி ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழைக்கலாம்.

அந்தச் சகோதரருக்கு இன்று ஸகாத் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். அவர் கேட்பது பழைய கணக்குப் புத்தகத்தை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் இதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.