மூன்றெழுத்தில் நம்ம பெரியகுளம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளின் படம் போட்டு பிளக்ஸ் கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் ஓர் ஆய்வு வெற்றி பெற்றதற்கு யாராவது பிளக்ஸ் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

விதைக் கடையில் 'பி.கே.எம்.1' முருங்கை என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மூன்றெழுத்து பெரியகுளம்தான். 1957-இல் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய இடம் அது. 1990-இல் கல்லூரி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இந்த ரகம் வெளிவந்துவிட்டது.

முன்பெல்லாம் முருங்கை என்றால் போத்து வெட்டித்தான் நடுவார்கள். தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், விதை போட்டால் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆய்வாளர்கள் எப்போதும்வென்றான் ஊர் முருங்கையை எடுத்து, வேறு மகரந்தம் சேராமல் ஆறு தலைமுறை வளர்த்துக் குணம் மாறாத விதையைத் தந்தார்கள். விதைத்த ஆறே மாதத்தில் காய்! இன்று ஆப்பிரிக்காவிலும் அது விளைகிறது.

பி.கே.எம்.1 தக்காளியின் தாய் எது தெரியுமா? நம்ம அன்னஞ்சி நாட்டுத் தக்காளி. அதில் சடுதிமாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்த ரகம்தான் அது. அன்னஞ்சி விவசாயிகள் விதையைக் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் அந்த ஆய்வுக்கு மூலமே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஆய்வுக்கான பாராட்டு கல்லூரி அரங்கத்தில் பொன்னாடையோடு முடிந்துவிடக் கூடாது. ஆய்வு செய்த மாணவியும் பேராசிரியரும் கிராமசபைக்கு வரட்டும். என்ன கண்டுபிடித்தோம் என்று தமிழில் சொல்லட்டும். விவசாயி எழுந்து கேள்வி கேட்கட்டும். அதைவிடப் பெரிய மரியாதை இருவருக்கும் இல்லை.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அடிச்சாம்பல் நோய் அந்தப் பட்டயத்தைப் பார்த்துப் பயந்து ஓடாது. மருந்தடித்தே கைக்காசைக் கரைக்கும் விவசாயிக்கு அடுத்த ஆய்வுதான் நம்பிக்கை. ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கும் பெரியகுளத்துக்கும் நம்ம பிள்ளைகள் போக வேண்டும்.

ஆகவே வீட்டில் ஒரு பிள்ளை "அக்ரி படிக்கிறேன்" என்றால், "மெடிக்கல் கிடைக்கலையா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பயிரில் ஆராய்ச்சி செய்யப்போறே?" என்று கேளுங்கள்.

என் மாணவர்களில் வேளாண் ஆய்வில் இருப்பவர்கள் நான்கு வரி எனக்கு எழுதுங்கள். ஊர் முழுக்கச் சொல்வது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்