இயந்திரத்தை வாங்கி வேலையை விற்கிறோம்

பொறியியற் பீடத்தில் இயந்திரவியல் படிக்கிற ஒரு பெடியனோ பெட்டையோ "ரயில் இயந்திரம் செய்யிற துறையில எனக்கு வேலை கிடைக்குமா?" எண்டு கேட்டால், எங்கட நாட்டில் முதலில் வருகிற பதில் சிரிப்பு. "இலங்கை எப்பயடா ரயில் செய்தது?" சிரித்து முடிய புத்திமதி வரும்: சொஃப்ட்வெயார் பக்கம் போ, இல்லாட்டி அவுஸ்திரேலியாவுக்குப் போட்டுப் பார்.

வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் இல்லை எண்டு சொல்கிற காரணங்களை நான் ஏற்கமாட்டேன். எங்களிட்டத் திறமை இல்லையாம், சந்தை சின்னதாம், காசு இல்லையாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திறமையில் தொடங்குவோம். கொழும்புத் துறைமுகத்துக்குள் இருக்கிற கப்பல் கட்டும் தளத்தில் 2019இல் ஜப்பானுக்கும் 2023இல் பிரான்சுக்கும் கடலடிக் கேபிள் வேலைக்கான கப்பல்கள் கட்டிக் குடுத்திருக்கிறார்கள். ஒரு முழுக் கப்பலுக்கு உருக்கு வெட்டி, ஒட்டி, எஞ்சின் பொருத்தி, மின்சுற்று இழுத்துப் பரிசோதித்து அனுப்புகிற ஒரு நாட்டுக்கு ரயில் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரியாது எண்டு சொன்னால் யார் நம்புவது?

சந்தை சின்னது என்பது சரி. அதை மறைக்கத் தேவையில்லை. நாங்கள் சில வருடங்களுக்கு ஒருக்கால் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள்தான் வாங்குகிறோம். அதை நம்பி ஒரு தொழிற்சாலை நடத்த ஏலாது. ஆகவே யாராவது அரசியல்வாதி மேடையில் ஏறி "எங்கட ரயிலை நாங்களே செய்வோம்" எண்டால் கை தட்டாதீர்கள்.

ஆனால் ரயில் இயந்திரம் வாங்கித் திண்டு முடிக்கிற பிஸ்கட் இல்லை. கனடாவில் கட்டி 1954இல் இங்கே வந்த எம்2 வகை இயந்திரங்களைப் பாருங்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் எங்கட பாதைகளில் ஓடினவை அவை. 1979இல் ஜப்பானின் ஹிட்டாச்சியிடம் வாங்கிய எம்5 இயந்திரங்கள் சிலவற்றுக்குப் பிறகு வேறு எஞ்சினே மாற்றிப் பொருத்த வேண்டி வந்தது. கட்டுகிற வேலை ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற நாற்பது, ஐம்பது வருட வேலை இங்கேதான் கிடக்கிறது. எஞ்சினைப் பிரிப்பது, மோட்டார்ச் சுருள் சுற்றுவது, சக்கரம் கடைவது, வயரிங் மாற்றுவது, இடைக்காலத்தில் முழு இயந்திரத்தையும் புதுப்பிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இது கரியும் ஒயிலும் பூசிக்கொள்ளுகிற வேலை மட்டும்தான் எண்டு நினைக்க வேண்டாம். டீசல் மின் இயந்திரம் என்றால் சக்கரத்தில் ஓடுகிற ஒரு மின்நிலையம். டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கிற மோட்டார்களுக்குப் போகிறது. இப்போது வருகிற வகைகளில் இதையெல்லாம் கட்டுப்படுத்துவது கணினி. இயந்திரவியல், மின், இலத்திரனியல், கணினி எண்டு நாலு துறைப் பட்டதாரிகளுக்கும் இதில் இடம் இருக்கிறது. மலைநாட்டுப் பாதையில் 44க்கு 1 எண்ட ஏற்றமும் கடும் வளைவுகளும் இருக்கின்றன. அங்கே ஓடுகிற இயந்திரம் எங்கே தேயும், எங்கே சூடாகும் எண்டு சொல்லக்கூடிய அனுபவம் வெளிநாட்டுத் தொழிற்சாலையிடம் இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் வேலை எங்கே போகிறது? கொள்வனவு ஒப்பந்தத்துக்குள்ளேயே போய்விடுகிறது.

இந்தியாவைப் பாருங்கள். வாரணாசித் தொழிற்சாலை 1960களில் அமெரிக்காவின் அல்கோ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கித்தான் டீசல் இயந்திரம் கட்டப் பழகியது. 2015இல் பிரான்சின் அல்ஸ்தொம் நிறுவனத்துடன் 800 மின் இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முழுதாக இறக்குமதி செய்ய விட்டது வெறும் ஐந்து. மிச்ச 795ஐயும் பீகாரின் மாதேபுராவில் கட்ட வேண்டும், பராமரிப்புக்குச் சகாரன்பூரிலும் நாக்பூரிலும் பணிமனை போட வேண்டும் எண்டு எழுதி வாங்கினார்கள். எண்ணூறு வாங்குகிறவரின் பலம் எங்களுக்கு இல்லைத்தான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்கள் வேலையைப் பற்றியும் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நாங்கள் எப்படி வாங்குகிறோம்? அண்மையில் வந்த எம்11 இயந்திரங்கள் அதே வாரணாசியில் கட்டியவை, இந்தியக் கடனில் வந்தவை. இந்தியக் கடன்தொடர்களின் பொதுவான விதிப்படி பொருள், சேவைகளில் 75 வீதமளவு இந்தியாவிலிருந்தே வர வேண்டும். கடனைக் கட்டப்போவது எங்கட வரிப்பணம். அதில் முதல் வேலை கிடைப்பது அங்கத்தைய பொறியியலாளருக்கு. இதற்கு இந்தியாவைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, கடன் குடுக்கிறவர் தன்ர ஆக்களுக்கு வேலை தேடத்தான் செய்வார். எங்கட பக்கத்தில் இருந்தவர்கள் மிச்சம் 25 வீதத்தில் எதைக் கேட்டார்கள் என்பதுதான் என்ர கேள்வி.

கேட்கக்கூடியவை பெரிய விசயங்கள் இல்லை. வாங்குகிற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இடைக்காலப் புதுப்பித்தல் இரத்மலானைப் பணிமனையில், எங்கட பொறியியலாளர்களின் கையால் நடக்க வேண்டும். அதற்கான வரைபடங்களும் பழுது கண்டுபிடிக்கும் மென்பொருளும் இயந்திரத்தோடு சேர்ந்து வர வேண்டும். பிறேக் கட்டை, ரப்பர்ப் பாகங்கள், ஸ்பிரிங், வயர்த்தொகுதி போன்றவற்றைப் படிப்படியாக உள்ளூரில் செய்விக்க வேண்டும், பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். மாணவர்களின் தொழிற்பயிற்சிக்கு ஒவ்வொரு வருடமும் இடம் ஒதுக்க வேண்டும், அந்த அறிவித்தல் தமிழிலும் வர வேண்டும்.

கடைசி விசயம் எங்களுக்கு இன்னும் கிட்ட. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். வடக்குப் பாதை அந்தப் பக்கத்தால்தான் போகிறது. போரில் அழிந்து போன பாதையை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் திருப்பிப் போட்டு, 2014இல் ரயில் யாழ்ப்பாணம் வந்தபோது எல்லாரும் சந்தோசப்பட்டோம். ஆனால் அந்தப் பாதையில் ஓடுகிற இயந்திரத்துக்கும் அதன் பக்கத்திலேயே படிக்கிற பிள்ளைக்கும் ஒரு தொழில் தொடர்பை உண்டாக்க வேண்டும் எண்டு எங்கட பிரதிநிதிகள் எவ்வளவு கதைத்தார்கள்?

"ரயில்வே நட்டத்தில ஓடுது, இதுக்குக் காசு எங்க?" எண்டு கேட்பார்கள். காசு இப்பவும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, டொலராகப் போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் உதிரிப்பாகம் இறக்க ஏலாமல் ரயில் சேவைகள் தடுமாறியதை மறந்துவிட்டோமா? சின்னச் சின்னப் பாகங்களையாவது இங்கே செய்திருந்தால் அடி கொஞ்சம் குறைந்திருக்கும்.

அடுத்த முறை துறைமுகத்தில் புது இயந்திரம் இறக்குகிற படமும் அமைச்சரின் சிரிப்பும் செய்தியில் வரும். அப்போது விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். "இருபது வருடம் கழித்து இதைக் கழற்றிப் பூட்டப் போறது யார்? ஒப்பந்தத்தில அது எந்தப் பக்கத்தில இருக்கு?" எண்டு கேளுங்கள். பொறியியல் மாணவர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.